எவ்வழி செல்வது? தரவுப் பொதிகளின் பயணம்

கிழக்கிலங்கையில் 'பாதை' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, தமிழ் வழங்கும் இடமெங்கும் உள்ள பொருள்: செல்லும் வழி. மற்றொன்று, ஆளையும் வண்டியையும் ஒருங்கே ஏற்றி ஆற்றையோ களப்பையோ கடத்துவிக்கும் மிதவைத் தட்டு. கிண்ணியாவில் ஒருவர் "பாதை போய்விட்டது" என்று சொன்னால், வழி மறைந்துவிட்டது என்று பொருளன்று. மிதவை அக்கரைக்குப் புறப்பட்டுவிட்டது, அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே பொருள்.

கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடைப்பட்ட நீர்வாயின் குறுக்கே, 396 மீட்டர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட காலத்தில், திருகோணமலை நகரிலிருந்து மூதூருக்குச் செல்ல விரும்பிய ஒருவருக்கு மூன்று வழிகள் இருந்தன. குடாவை நேரே ஊடறுத்துச் செல்லும் இயந்திரப் படகு ஒன்று. அது குறுகிய வழி, ஆனால் காற்றுக்கும் அலைக்கும் கட்டுப்பட்டது. கரையோரச் சாலை மற்றொன்று. அதில் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என அடுத்தடுத்துப் பாதைகளைக் கடக்க வேண்டும். கந்தளாய், சேருவில, தோப்பூர் வழியாக உள்நாட்டைச் சுற்றி வரும் தரைவழி மூன்றாவது. அது நெடியது, ஆனால் மிதவைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இம்மூன்றனுள் எது நல்ல வழி? இவ்வினாவுக்கு ஒரே விடை கூறுதல் இயலாது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்பவருக்கு விரைவே பெரிது. நெல் மூட்டை ஏற்றிய லொறிக்காரருக்கு இடையில் இறக்கி ஏற்றாமல் போவதே பெரிது. மீன் வியாபாரிக்கோ, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பது பெரிது. எதைக் கொண்டு அளக்கின்றோமோ அதைப் பொறுத்தே நல்ல வழியும் அமைகின்றது. அளவுகோலைத் தீர்மானித்த பின்னரும் மற்றொரு வினா எஞ்சும்: வழியின் இன்றைய நிலையை நாம் எவ்வாறு அறிவது? எதிரே வருபவரிடம் கேட்டா? தேசப்படத்தைப் பார்த்தா? அல்லது வழக்கமாகப் போகும் வழியையே நம்பியா?

இவ்விரு வினாக்களையும், இன்று உலகெங்கும் பல கோடிக் கருவிகள் ஓயாது தமக்குள் எழுப்பி விடை கண்டுகொண்டிருக்கின்றன. இணையத்தில் செய்திகளுக்கு வழி சொல்லும் 'ரவுட்டர்' என்னும் கருவிகளே அவை. அவை பின்பற்றும் முறைகள் யாவை, ஒவ்வொன்றிலும் நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில், பயணம் செய்வது யாது என்பதை அறிந்துகொள்வோம். கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ நாம் அனுப்பும் செய்தி முழுவதும் ஒரே துண்டாகச் செல்வதில்லை. அது சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒரு பொதியின் அளவு பெரும்பாலும் 1,500 பைற்றுகளுக்கு மேற்படுவதில்லை. இப்பேச்சு முழுவதையும் எழுத்தில் அனுப்புவதானால் நாற்பது ஐம்பது பொதிகள் தேவைப்படும். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் சேருமிடத்தின் முகவரி எழுதப்பட்டிருக்கும். வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அந்த முகவரியைப் பார்த்து, தன்னிடமுள்ள அட்டவணையைப் புரட்டி, அடுத்து எந்த அயலானிடம் இப்பொதியை ஒப்படைப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கும். முழுப் பயணத்தையும் வகுத்துக் கொடுப்பவர் எவருமில்லை. ஆகவே, அந்த அட்டவணை எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியுள்ளது.

மிக எளிய முறை, அட்டவணையை மனிதனே எழுதி வைத்துவிடுவது. இதனை நிலைவழி முறை எனலாம். இன்ன ஊருக்கான பொதியை இன்ன வடத்தில் அனுப்புக என்று ஒருமுறை எழுதிவிட்டால், கருவி அதையே செய்துகொண்டிருக்கும். இதில் வீண் பேச்சில்லை. கருவிகள் தமக்குள் செய்தி பரிமாற வேண்டியதில்லை. பொய்ச் செய்தி சொல்லி ஏமாற்றுவாரும் இல்லை. ஆனால் வடம் அறுந்தால், மனிதன் வந்து திருத்தும்வரை பொதிகள் அறுந்த வழியிலேயே சென்று அழியும். எனினும் இம்முறையை இழிவாக எண்ணலாகாது. வெளியுலகுக்கு ஒரே இணைப்பை உடைய பாடசாலைக்கோ, சிறு அலுவலகத்துக்கோ இதனினும் சிறந்த முறை வேறில்லை. ஒரே வாயிலுள்ள வீட்டில், எந்த வாயிலால் வெளியேறுவது என்று ஆராய்ச்சி செய்வதில் பயன் என்ன?

வழிகள் பலவாகும்போது கருவிகள் தாமாகவே அறிந்துகொள்ளும் முறைகள் வேண்டியனவாகின்றன. அவற்றுள் மூத்தது, அயலானிடம் கேட்டறியும் முறை. கணித அறிஞர் ரிச்சட் பெல்மன் 1958இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படையாயிற்று. 1969இல் அமெரிக்காவில் நான்கு நிலையங்களுடன் தொடங்கிய அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு, இணையத்தின் முன்னோடியாகும். அது முதற் பத்தாண்டுகளில் இம்முறையையே கையாண்டது.

இம்முறையில் ஒவ்வொரு ரவுட்டரும், "இன்ன இடத்துக்கு என்னிடமிருந்து இவ்வளவு தூரம்" என்ற பட்டியலைத் தன் அயலாருக்கு மட்டும் அவ்வப்போது சொல்லும். அயலார் சொன்ன தூரத்தோடு, அயலார் வரையுள்ள தூரத்தைக் கூட்டி, மிகக் குறைந்த தொகை எவர் வழியாக வருகின்றதோ அவர் வழியை அது ஏற்கும். எந்தக் கருவிக்கும் முழுப் படம் தெரியாது, தெரிந்திருக்கத் தேவையுமில்லை. சிறிய நினைவகமும் எளிய கணக்குமே போதும். இதுவே இதன் பெருமை. இதன் குறையும் இங்கேயே பிறக்கின்றது.

உதாரணமாக, திருகோணமலை, கிண்ணியா, மூதூர் ஆகிய மூன்று நிலையங்கள் ஒரே வரிசையில் தொடுக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். திருகோணமலை எனக்கு ஒரு படி என்று கிண்ணியா சொல்கின்றது. அதைக் கேட்ட மூதூர், அப்படியாயின் எனக்கு இரண்டு படி என்கின்றது. இப்போது திருகோணமலைக்கும் கிண்ணியாவுக்கும் இடையிலுள்ள தொடர்பு அறுகின்றது. கிண்ணியா தன் வழியை இழந்துவிட்டது. அவ்வேளையில் மூதூரிலிருந்து, "திருகோணமலை எனக்கு இரண்டு படி" என்ற வழக்கமான அறிவித்தல் வந்து சேருகின்றது. மூதூரின் அந்த வழி தன்னூடாகவே செல்கின்றது என்பது கிண்ணியாவுக்குத் தெரியாது. ஆகவே அது, மூதூர் வழியாகப் போனால் மூன்று படி என்று எழுதிக்கொள்கின்றது. அதைக் கேட்ட மூதூர் நான்கு என்று திருத்துகின்றது. கிண்ணியா ஐந்து என்கின்றது. இல்லாத வழியைப் பற்றி இருவரும் மாறி மாறி எண்ணிக்கொண்டே போகின்றனர். இதற்கிடையில், திருகோணமலைக்குரிய பொதிகள் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையே ஊசலாடி வீணாகின்றன.

ஊரில் வதந்தி பரவும் முறையை அறிந்தவர்களுக்கு இது விந்தையன்று. தான் சொன்ன சொல்லே பிறர் வாய் வழியாகத் தன்னிடம் திரும்பி வரும்போது, அதனைப் புதிய சாட்சியம் என்று நம்பிவிடுவதே இங்கு நேரும் பிழை. இதற்குப் பரிகாரங்கள் உண்டு. 'ரிப்' என்னும் விதிமுறை 1988இல் எழுத்தில் வகுக்கப்பட்டபோது, பதினைந்து படிக்கு மேற்பட்ட தூரம் எட்டாத தூரம் என்று வரையறுக்கப்பட்டது. எண்ணிக்கை 16ஐ அடைந்ததும் வழியில்லை என்று கொள்ளப்படும். எவரிடமிருந்து ஒரு வழியை அறிந்தோமோ, அவரிடமே அவ்வழியைத் திருப்பிச் சொல்லலாகாது என்பது மற்றொரு விதி. இரண்டும் பயன் தருவன. ஆனால் முன்னது, வலையமைப்பு பெரிதாக வளர்வதைத் தடுக்கின்றது. பின்னது, மூன்று நான்கு நிலையங்கள் வட்டமாக இணைந்திருக்கும்போது முழுமையாகக் காப்பதில்லை. நல்ல செய்தி விரைந்து பரவுகின்றது, கெட்ட செய்தி தயங்கித் தயங்கிச் செல்கின்றது என்பதே இம்முறையின் இயல்பு.

இதற்கு மாறாக எழுந்தது தேசப்பட முறை. இதில் ஒவ்வொரு ரவுட்டரும் தன் அயலாரைப் பற்றி மட்டும் பேசும். ஆனால் ஊரனைத்துக்கும் பேசும். "எனக்கும் கிண்ணியாவுக்கும் இடையே தொடர்பு உண்டு, அதன் செலவு இவ்வளவு" என்ற அறிவித்தல் ஒன்றை வெளியிடும். அது கைமாறிக் கைமாறி வலையமைப்பின் எல்லா மூலைகளையும் அடையும். எல்லா அறிவித்தல்களையும் சேர்த்துப் பார்த்தால் முழுத் தேசப்படமும் கிடைத்துவிடும். பின்னர் ஒவ்வொன்றும் தன்னிடத்திலிருந்து மற்ற எல்லா இடங்களுக்கும் குறைந்த செலவுள்ள வழியைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

அக்கணக்கைச் செய்யும் வழியைக் கண்டவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்திரா. 1956இல் அம்ஸ்டர்டாம் நகரக் கோப்பிக் கடையொன்றில் அமர்ந்திருந்தபோது, காகிதமும் எழுதுகோலுமின்றி ஏறத்தாழ இருபது நிமிடத்தில் அதைச் சிந்தித்து முடித்ததாக அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். 1959இல் அது அச்சேறியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1979இல் அர்ப்பாநெட் கேட்டறியும் முறையைக் கைவிட்டுத் தேசப்பட முறைக்கு மாறியது. 1989இல் முதல் வடிவம் பெற்ற 'ஓ.எஸ்.பி.எஃப்.' என்னும் விதிமுறையும் இதே கொள்கையில் அமைந்தது. பெரிய நிறுவனங்களின் உள்வலையமைப்புகளில் இன்றும் அது பரவலாக வழங்குகின்றது.

இம்முறையில் வதந்திக்கு இடமில்லை; ஒவ்வொருவரும் தாம் நேரிற் கண்டதையே சொல்கின்றனர். தொடர்பு அறுந்தால் அச்செய்தி உடனே எங்கும் பரவும். ஆனால் அதற்குரிய விலையை நாம் கொடுத்தே ஆகவேண்டும். ஒவ்வொரு கருவியும் முழுப் படத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். எங்கோ ஒரு மூலையில் வடமொன்று அறுந்து அறுந்து ஒட்டுமானால், எல்லாக் கருவிகளும் ஒவ்வொரு முறையும் கணக்கை மீண்டும் செய்ய நேரும். இதனைத் தவிர்க்கவே பெரிய வலையமைப்புகளை வட்டாரங்களாகப் பிரித்து, ஒரு வட்டாரத்தின் நுட்பங்கள் மற்றொரு வட்டாரத்துக்குச் செல்லாதவாறு சுருக்கி அனுப்புகின்றனர். அவ்வாறு சுருக்கும்போது சில வேளைகளில் நேரான வழி தவறிப்போய்ச் சுற்றுவழி அமைவதும் உண்டு.

இன்னுமொரு அபாயமும் இதில் உண்டு. எல்லோரும் ஒரே படத்தை நம்பியிருப்பதால், படத்தில் புகும் பிழையும் எல்லோரையும் சேரும். 1980ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் அர்ப்பாநெட் முழுவதும் சில மணிநேரம் முடங்கியது. காரணம் மிகச் சிறியது. அறிவித்தல்களில் எது புதியது, எது பழையது என்று அறிவதற்காக அவற்றுக்குத் தொடர் இலக்கம் இடுவது வழக்கம். இலக்கம் 63ஐ அடைந்ததும் மீண்டும் 0 முதல் தொடங்கும். கருவிக் கோளாறினால் ஓர் அறிவித்தலின் இலக்கம் சிதைந்து, 44, 40, 8 என்னும் மூன்று இலக்கங்களுடன் மூன்று படிகள் உலவத் தொடங்கின. வட்டமாகச் சுழலும் அந்த எண்வரிசையில் 40ஐவிட 44 புதியது. 8ஐவிட 40 புதியது. ஆனால் வட்டம் முடிந்து மறுபடியும் தொடங்குவதாகக் கொண்டால், 44ஐவிட 8 புதியது. ஆகவே மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நிலையங்கள்தோறும் சுற்றின. கருவிகள் தம் வேலை அனைத்தையும் விட்டு அவற்றைப் பரப்புவதிலேயே ஈடுபட்டன. கேட்டறியும் முறையின் நோய் மெல்லப் பரவுவது. தேசப்பட முறையின் நோய் அபூர்வமாக வருவது, வந்தால் ஊரையே ஒருசேரக் கிடத்துவது.

இனி, அளவுகோல் என்னும் முதல் வினாவுக்கு வருவோம். படிகளின் எண்ணிக்கையே தூரம் என்று கொண்டால் கணக்கு எளிது. ஆனால் மூதூருக்குப் படகில் ஒரே படி என்பதற்காகப் புயற்காலத்திலும் படகையே தேர்ந்தெடுப்பது போன்ற தவறு அதில் நேரலாம். ஒரே படியுள்ள பழைய மெல்லிய செம்புக் கம்பியை, மூன்று படியுள்ள அகன்ற ஒளியியல் நார் வடத்தினும் மேலானது என்று அது தேர்ந்தெடுத்துவிடும்.

அப்படியாயின், ஒவ்வொரு வழியிலும் அந்நேரத்து நெரிசலை அளந்து, குறைந்த நெரிசலுள்ள வழியில் அனுப்பலாமே என்று தோன்றும். அர்ப்பாநெட் அதையும் செய்து பார்த்தது. பாரம் குறைவாயிருந்தபோது அது நன்றாகவே வேலை செய்தது. பாரம் மிகுந்தபோது விபரீதமாயிற்று. கிண்ணியாவின் பாதைத்துறையில் வண்டிகள் நெடுவரிசையாக நிற்கின்றன என்று கேள்விப்பட்டு, எல்லோரும் கந்தளாய் வழியாகத் திரும்புவதாக எண்ணிப்பாருங்கள். கந்தளாய்ச் சாலை நெரியும், பாதைத்துறை வெறுமையாகும். வெறுமையாயிருக்கின்றது என்ற செய்தி கிட்டியதும் எல்லோரும் மறுபடியும் பாதைத்துறைக்கே திரும்புவர். அவ்வாறே பொதிகளும் ஒரு வடத்திலிருந்து மற்றொரு வடத்துக்கு அலைமோதின. இரண்டு வடங்கள் இருந்தும் எந்நேரமும் ஒன்று நெரிந்தும் மற்றொன்று வெறுமையாயும் கிடந்தன. 1987இல் அளவுகோலைத் திருத்தி, நெரிசல் எவ்வளவு மிகுந்தாலும் ஒரு வழியின் செலவு ஓர் எல்லைக்குமேல் உயரலாகாது, சிறிது சிறிதாகவே மாற வேண்டும் என்று விதித்த பின்னரே ஓரளவு அமைதி ஏற்பட்டது.

இன்று பல வலையமைப்புகளில், செலவை மனிதரே முன்கூட்டி நிர்ணயித்துவிடுகின்றனர். வடம் அறுந்தாலன்றி வழி மாறுவதில்லை. சமமான வழிகள் இரண்டிருந்தால் பாரத்தை இரண்டிலும் பகிர்கின்றனர். அப்போதும், ஓர் உரையாடலுக்குரிய பொதிகள் யாவும் ஒரே வழியிற் செல்லுமாறு பார்த்துக்கொள்கின்றனர். இன்றேல் பின்னே புறப்பட்டது முன்னே போய்ச் சேர்ந்து, வரிசை குலையும். நெரிசலுக்கேற்ப உடனுக்குடன் வளைந்து கொடுக்கும் திறமையை ஓரளவு துறந்து, அசையாத உறுதியை அவர்கள் வாங்கியிருக்கின்றனர்.

இதுவரை கூறியன ஒரே நிறுவனத்தின் எல்லைக்குள் நடப்பவை. இணையமோ பல்லாயிரம் நிறுவனங்களின் கூட்டு. ஒரு நிறுவனம் தன் உள்வீட்டுப் படத்தை மற்றொன்றுக்குக் காட்ட விரும்பாது. அஃதன்றி, குறுகிய வழி என்பதற்காகத் தன் போட்டியாளரின் பொதிகளை இலவசமாகச் சுமக்கவும் அது இசையாது. ஆகவே இங்கே அளவுகோல் தூரமன்று, உடன்படிக்கை. யார் யாருக்குக் காசு கொடுக்கின்றார், யாரை யார் நம்புகின்றார் என்பதே வழியைத் தீர்மானிக்கின்றது.

இதற்கான விதிமுறை 'பி.ஜி.பி.' எனப்படும். 1989இல் கேர்க் லோகீட், யாக்கோவ் ரெக்டர் ஆகிய பொறியியலாளர்கள் உணவு மேசையில், கைதுடைக்கும் காகிதங்களில் அதன் முதற் குறிப்புகளை எழுதினர் என்பது பலரும் அறிந்த செய்தி. தற்காலிக ஏற்பாடாகத் தோன்றிய அது, திருத்தங்களுடன் இன்றும் உலக இணையத்தைத் தாங்கி நிற்கின்றது. இதில் ஒவ்வொரு நிறுவனமும் தூரத்தை மட்டும் சொல்லாமல், இன்ன இன்ன நிறுவனங்கள் வழியாக இவ்விடத்தை அடையலாம் என்று வழி முழுவதையும் பெயர் சொல்லி அறிவிக்கும். தன் பெயர் அப்பட்டியலில் இருக்கக் கண்டால், அது தன்னிடமே திரும்பும் சுழல் என்று உணர்ந்து தள்ளிவிடும். கிண்ணியாவும் மூதூரும் இல்லாத வழியை எண்ணிக்கொண்டிருந்த குறை இவ்வாறு நீங்குகின்றது.

ஆயினும் இங்கும் ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கின்றோம். பெற்றது சுதந்திரம், இழந்தது நேர்வழியும் பாதுகாப்பும். தன் செலவைக் குறைக்க விரும்பும் நிறுவனம், பிறருக்குரிய பொதியைத் தன் வீட்டுக்குள் நெடுந்தூரம் சுமக்காமல், கிட்டிய வாயிலிலேயே அடுத்தவர் கையில் தள்ளிவிடுகின்றது. கையைச் சுடும் கிழங்கை அடுத்தவரிடம் எறிவது போன்றதென்று இதற்குப் பெயரும் இட்டிருக்கின்றனர். ஒரே நாட்டின் இரண்டு நிறுவனங்கள் உள்நாட்டில் தமக்குள் இணைந்துகொள்ளாவிடின், கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்குச் செல்லும் செய்தி சிங்கப்பூர் வரை சென்று மீள வேண்டியும் நேரலாம். ஒளியியல் நாரில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 2,700 கிலோமீட்டர். இருபது கிலோமீட்டருக்குட்பட்ட பயணம் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டராக நீள, வினாடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கில் முடியக்கூடிய காரியம் முந்நூறு மடங்கு காலம் கொள்ளும். உள்நாட்டுப் பரிமாற்று நிலையங்கள் அமைப்பதன் நோக்கம் இவ்வீண் அலைச்சலைத் தவிர்ப்பதே.

பாதுகாப்பின் நிலையையும் ஓர் உண்மை நிகழ்ச்சி காட்டும். 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள், பாகிஸ்தான் அரசாங்கத்தின் கட்டளைப்படி அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம், யூரியூப் தளத்தைத் தன் நாட்டுக்குள் தடுப்பதற்காக, அத்தளத்துக்கு வழி தன்னிடமே உள்ளது என்று ஒரு பொய் அறிவித்தலை இட்டது. அது எல்லை தாண்டி வெளியே கசிந்தது. பரந்த முகவரியைக் காட்டிலும் குறுகிய, நுட்பமான முகவரிக்கே முதலிடம் என்பது விதி. கசிந்த அறிவித்தல் அவ்வாறு நுட்பமாக இருந்தபடியால், உலகின் பல பகுதிகளிலுமுள்ள கருவிகள் அதை நம்பின. ஏறக்குறைய இரண்டு மணிநேரம் அத்தளத்துக்குரிய பொதிகள் பாகிஸ்தானை நோக்கிச் சென்று அழிந்தன. முகவரிக்கு உரியவர் யார் என்பதை மின்னொப்பத்தால் உறுதிசெய்யும் ஏற்பாடு பிற்காலத்தில் வந்துள்ளது. அதனை ஏற்றுக்கொண்டவர்க்கே அதனால் பயன் உண்டு.

இவ்வளவும் கூறியபின், முறைகளுள் எது சிறந்தது என்று நேயர்கள் வினவலாம். சிறிய இடத்துக்கு எளிய முறையும், பெரிய இடத்துக்குத் தேசப்பட முறையும், ஒருவரையொருவர் முழுதும் நம்பாதாரிடையே உடன்படிக்கை முறையும் பொருந்தும் என்பதே பொதுவான விடை. ஆனால் எம்முறைக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. வழிகாட்டும் முறை, உள்ள வழிகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும். இல்லாத வழியை உண்டாக்காது. நம் தீவின் அனுபவம் இதனை நன்கு உணர்த்துகின்றது.

2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கொழும்புத் துறைமுகத்தருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தை அறுத்தது. நாட்டின் இணையத் தொடர்பும் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பும் பெரிதும் முடங்கின. ரவுட்டர்கள் எவ்வளவு நுட்பமானவையாயினும், பெரும்பாரத்தைத் தாங்கக்கூடிய மாற்று வடம் போதாதபோது அவை என்ன செய்ய இயலும்? அதன் பின்னர் வடங்கள் பெருகின. 2005இல் 'சீ-மீ-வீ 4' என்னும் வடமும், 2006இல் தூத்துக்குடியைக் கல்கிசையுடன் இணைக்கும் பாரத-லங்கா வடமும், 2016இல் மாத்தறையிற் கரையேறும் 'சீ-மீ-வீ 5' வடமும் முடிவுற்றன.

வடங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் காலம் கற்பித்தது. 2008 ஜனவரி 30ஆம் நாள், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவுக்கு அப்பால் ஒரே நாளில் இரண்டு பெரிய வடங்கள் அறுந்தன. தென்னாசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான தொடர்பு பெரிதும் நலிவுற்றது. ஏட்டில் இரண்டு வழிகளாக எழுதப்பட்டவை, ஒரே கடலில் அருகருகே கிடந்தமையால் ஒரே ஆபத்துக்கு இலக்காயின. அன்று ஓரளவேனும் உதவியது, கிழக்கே சிங்கப்பூர்ப் பக்கமாகச் செல்லும் நெடிய வழியே. சாதாரண நாளில் எந்தக் கணக்கும் அவ்வழியைத் தேர்ந்திராது.

நெடிய வழியைப் பேணுவதற்குச் செலவு உண்டு. பயன்படாத நாளிலும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். வருடத்தில் முந்நூற்றறுபது நாளும் வீண் எனத் தோன்றும் செலவு அது. ஆகவே சிக்கனம் பேசுவோர் முதலில் கை வைப்பதும் அதன்மீதே. ஆனால் மீதி ஐந்து நாள்கள் எத்தகையன என்பதைக் கிண்ணியா நன்கறியும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி கிண்ணியாவின் கரையைத் தாக்கியபோது அங்கிருந்த வைத்தியசாலையும் அழிவுற்றது. ஒரு செய்தி உரிய இடத்தை அடைவதோ அடையாததோ உயிர்ப் பிரச்சினையாகும் நாள் அது. அத்தகைய நாளில், தொடர்பு அறுவதும் ஒரே வேளையில் எல்லோரும் பேச முற்படுவதும் சேர்ந்தே நிகழும்.

தற்காலிக மாற்றுவழியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மக்கள் களப்பைக் கடப்பதற்கு ஒரு மிதவைப் பாதை பயன்பட்டு வந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். தரவுப் பொதி வழியில் அழிந்தால், அனுப்பிய கணினி அதன் நகலை மீண்டும் அனுப்பும். மனித உயிருக்கு அவ்வாறு நகல் இல்லை. ஆகவே இவ்விரண்டையும் ஒப்பிடுதல் ஓரளவுக்கே பொருந்தும். எனினும் பொறியியலாளர் இரண்டு இடத்திலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: பெருவழி மூடப்பட்டிருக்கும் காலத்தில், அதன் பாரம் முழுவதும் சிறுவழியின்மீது விழும் என்பதை எண்ணியே சிறுவழியை அமைத்தோமா? வலையமைப்புகளிலும் மாற்று வடம் பெயருக்கு இருக்கும். பெருவடம் அறுந்த அக்கணமே அதன் பத்து மடங்கு பாரம் வந்து விழ, அதுவும் செயலிழக்கும். அறுபடாத வடத்தையும் மூழ்கடித்துவிடுவது இவ்வாறான திசைதிருப்பலே.

இன்று நம் நாட்டுக்கு வரும் கடலடி வடங்கள் மேற்கிலும் தெற்கிலும் கரையேறுகின்றன. கிழக்குக் கரை ஊர்களின் செய்திகள், நிலத்தின் ஊடே நெடுந்தூரம் சென்றே கடலை அடைகின்றன. அந்நிலவழிகள் எத்தனை, அவை ஒரே சாலையோரத்தில் ஒரே பாலத்தில் தொங்கிச் செல்கின்றனவா, வெவ்வேறு திசையிற் செல்கின்றனவா என்பது, எந்த ரவுட்டரில் எந்த விதிமுறை எழுதப்பட்டுள்ளது என்பதைவிட முக்கியமான வினா. தம் ஊருக்கு இணைப்பு வழங்குவோரிடம் வேகம் எவ்வளவு என்று நாம் கேட்கின்றோம். பாடசாலை அதிபரும், வைத்தியசாலைப் பொறுப்பாளரும், பிரதேச சபையாரும் இன்னுமொன்று கேட்டல் நலம்: இவ்வழி அறுந்தால் மறுவழி எது, அது எவ்விடத்தில் இவ்வழியைவிட்டுப் பிரிகின்றது, எவ்வளவு பாரம் தாங்கும்? இம்மூன்று வினாவுக்கும் தெளிவான விடை கிடைக்குமாயின், வழி தேரும் முறைகளைப் பற்றிய வாதத்தைப் பொறியியலாளரிடமே விட்டுவிடலாம்.